தருமமா? பொறுப்பா?

(திருவேங்கடத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



குழந்தைகளின் பசியையும் நோயையும் பற்றி நான் இன்று பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேற்கொண்டு தெரிந்துகொண்டதெல்லாம் வாசகசாலையிலும் டீக்கடைப் பத்திரிகையிலும் உங்களைப் போன்றவர்களோடு வாதாடியதிலுமேயாகும். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்தியைக் கொண்டு பரீட்சித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தருமம் எங்கே போகின்றது?

திருவேங்கடம் என்று இவ்வூர்ப் பெயரைச் சொன்னவுடனே வெளியூர்க்காரனுக்கு என்ன ஞாபகம் வருகின்றது? வடக்கே ஒரு மலையும், அதில் ஒரு உண்டியலும் ஞாபகம் வருகின்றன. பக்கத்தில் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றால் நம் கரிசல்காட்டு ஜனங்கள் கடன் வாங்கியாவது போய்வருகின்றார்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு என்றால் வைத்தியரிடம் போவதற்கு முன்னே அங்கே போய்ப் புற்றுமண் வாங்கிப் பூசுகின்றார்கள். கொடுக்கும் குணம் நம் ஜனங்களிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கூலிக்காரன்கூட முடிந்து வைத்த காசைக் கொடுக்கின்றான். ஆனால் கொடுத்த காசு என்ன ஆயிற்று, அதனால் ஒரு பிள்ளையின் சிரங்காவது ஆறிற்றா என்று கணக்குக் கேட்பதில்லை. கணக்குக் கேட்டால் பாவம் என்று சொல்லி வைத்திருக்கின்றார்கள். கணக்கில்லாத கொடைக்குத் தருமம் என்று பெயர். கணக்குள்ள கொடைக்கு என்ன பெயர் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

ஒரு அணாச் சோறு

இந்த நாட்டிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மத்தியானம் பொதுப்பணத்தில் சோறு போட வேண்டுமென்ற எண்ணம் எப்போது காரியத்தில் வந்தது? 1920ஆம் வருஷம். சென்னை நகரசபைக்குத் தலைவராயிருந்தவர் சர். பி. தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள நகரசபைப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானம் செய்தார்கள். அப்பள்ளிக்கு வந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். பசியினால் அவர்கள் வராமல் நின்றுவிடுகின்றார்கள், சோறு போட்டால் வருவார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அப்படியே வந்தார்கள். மேலும் சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் ஆட்சேபித்தது. 1925இல் அது தடைப்பட்டது.

தோழர்களே! இதில் ஒரு பாடம் இருக்கின்றது. ஒரே இடத்துப் பணத்தை நம்பி நிற்கும் நல்ல காரியம், அந்த இடத்திலே ஒருவன் கையை மூடினால் நின்றுபோகும்.

எட்டயபுரத்திலே நடந்தது

பிறகு 1956. இங்கிருந்து கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். காமராசர் முதல் மந்திரியாயிருந்தபோது மதிய உணவு அங்கேதான் தொடங்கிற்று. கல்வி இலாகாவை நடத்தியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அன்றைய சர்க்காரிடத்திலும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. ஆகவே ஊராரிடம் போனார்கள். ஒருவர் அரிசி கொடுத்தார், ஒருவர் பருப்புக் கொடுத்தார், ஒருவர் விறகு கொடுத்தார். ஒன்றுமில்லாத வீட்டார் வந்து சமைத்துக் கொடுத்தார்கள். உபாத்தியாயர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். 1957ஆம் வருஷ முடிவிலே சர்க்காரும் பங்கு ஏற்றது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்றால் 6 காசு சர்க்கார், 4 காசு ஊரார் என்று கணக்கு வகுத்தார்கள்.

இந்த 4 காசுதான் விசேஷம். ஊரான் காசு அதில் இருந்தபடியால் சோறு வெந்ததா, பருப்பில் தண்ணீர் மிஞ்சிற்றா என்று கேட்கும் உரிமை ஊரானுக்கு உண்டாயிற்று. கோயிலில் கேட்கத் தயங்கிய கேள்வியைப் பள்ளிக்கூடத்து அடுப்பண்டை நின்று தைரியமாகக் கேட்டான்.

1961 முதல் அமெரிக்காவிலிருந்து கேர் என்ற தர்மஸ்தாபனம் பால்பவுடரும், சோளமாவும், எண்ணெயும் அனுப்பிற்று. யுத்தத்தில் நொந்த ஐரோப்பிய ஜனங்களுக்குப் பொட்டலம் அனுப்புவதற்காக 1945இல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கக் குடியானவன் விளைவித்து, அங்கே விற்காமல் மிஞ்சிய சரக்கு. அதை வெளிநாட்டுக்குக் கொடுத்துத் தீர்க்க 1954இலேயே அவர்கள் சட்டம் செய்து வைத்திருந்தார்கள். ஆகவே அது முழுக்க முழுக்கக் கருணை என்று சொல்லிக் கண்ணீர் விட வேண்டியதில்லை. சுயநலம் கலந்தது என்று சொல்லிப் பாலைக் கொட்டிவிடவும் வேண்டியதில்லை. கொடுப்பவனுக்கு ஒரு காரணம் இருக்கும். நமக்குப் பிள்ளை பிழைக்க வேண்டியதுதான் முக்கியம். வாங்கிக்கொள், ஆனால் அவன் நிறுத்தும் நாளைக்கு இன்றே தயாராகு. இதுதான் புத்திசாலித்தனம்.

அப்படித் தயாரானதனால்தான் கேர் சாமான் வருவது நின்ற பிறகும் அடுப்பு அணையவில்லை. 1982 ஜூலை 1ந் தேதி எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவைத் தொடங்கியபோது அது ஊரார் தயவில் நடக்கும் காரியமாக இல்லாமல் சர்க்கார் கடமையாயிற்று. 1989இல் கலைஞர் சர்க்கார் முட்டை சேர்த்தது. 2010இல் அது வாரத்துக்கு 5 முட்டையாயிற்று. 2022 செப்டம்பரில் மதுரையிலே காலைச் சிற்றுண்டி ஆரம்பமாகி, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஒரு அணாவில் ஆரம்பித்த காரியம் நூறு வருஷத்தில் இங்கே வந்து நிற்கின்றது.

என் அக்காள் கதை

இதைப் புஸ்தகத்தில் படித்ததாக மட்டும் எண்ணாதீர்கள். நான் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். என் அக்காள் என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. வாய்ப்பாட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். நாலாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி தெருவுக்கு வரும். தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போவாள். சட்டத்திலே குச்சி அடுக்கி அடுக்கி, இருட்டின பிறகு திரும்பி வருவாள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அக்காலத்தில் எல்லா ஆபீசும் ஒன்றுதான்.

1989ஆம் வருஷம் பள்ளிக்கூடத்திலே முதல் முதலாக முட்டை போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் அதைத் தின்னாமல் பைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். அக்காள் இரவு வந்ததும் கொடுத்தேன். அவள் கை முழுவதும் மருந்து நாற்றம். பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு ஸ்கூல்ல என்ன பாடம்டா?" என்று கேட்டாள். முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடத்தைப் பற்றிக் கேட்டாள்.

ஒருவேளைச் சோறு என்னைப் பள்ளியில் நிறுத்திற்று. அக்காளை ஏன் நிறுத்தவில்லை? அவளுடைய கூலியில் வீட்டார் மூன்று பேர் சாப்பிட்டார்கள். பிள்ளைக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது. தாய் தகப்பனுக்குப் பிழைக்கத் தக்க கூலி வேண்டும், சட்டமும் வேண்டும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் சிவகாசி வழக்கிலே, சட்டத்துக்கு விரோதமாகப் பிள்ளையை வேலை வாங்கினால் முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் அதன் நலனுக்குக் கட்ட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அக்காளுக்கு அப்போது இருபது வயது. தீர்ப்பு வந்தது, அவள் வயது திரும்பி வரவில்லை.

அம்மனும் சொட்டு மருந்தும்

இனி நோயைப் பற்றி. பெரியம்மை வந்தால் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை கட்டிக் கும்பிட்ட ஜனங்கள் நாம். 1796இலேயே ஜென்னர் என்ற வெள்ளைக்கார வைத்தியர் அம்மைப்பால் குத்தக் கற்றுக் கொடுத்தார். 1974இல் ஜாம்ஷெட்பூர் பக்கத்தில் அம்மை பரவினபோது டாட்டா கம்பெனியார் ஆட்களும் வண்டிகளும் பணமும் கொடுத்து, சர்க்காரோடும் உலக சுகாதார ஸ்தாபனத்தோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். மறு வருஷத்தோடு இந்தியாவில் அம்மை ஒழிந்தது. 1980இல் உலகத்திலேயே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். இப்போது ஆத்தா எங்கே போனாள்? கோபம் தணிந்து போனாளா, ஊசிக்குப் பயந்து போனாளா? நீங்களே சொல்லுங்கள். (சிரிப்பு)

அடுத்தது இளம்பிள்ளை வாதம். 1988இல் உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 3,50,000 பிள்ளைகள் இதனால் முடமானார்கள். நம் தமிழ்நாட்டு வேலூரில் வைத்தியர் டி. ஜேக்கப் ஜான் அவர்களும் ரோட்டரி சங்கத்தாரும் 1980களிலேயே கைகோத்துச் சொட்டு மருந்து முகாம் நடத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கிருமிக்குத் தங்க இடமில்லாமல் போகும் என்பதே அதன் தத்துவம். 1995 முதல் தேசம் முழுவதும் அப்படிக் கொடுத்தார்கள். ரோட்டரிக்காரர்கள் பணமும் ஆளும் கொடுத்தார்கள். யுனிசெப்பும் உலக சுகாதார ஸ்தாபனமும் யோசனையும் கண்காணிப்பும் கொடுத்தன. பிற்பாடு கேட்ஸ் தர்மஸ்தாபனமும் பணம் கொடுத்தது. பெருஞ்செலவை நம் சர்க்காரே ஏற்றது. ஆனால் வெயிலில் வீடு வீடாக நடந்து கதவைத் தட்டினவர்கள் யார்? நம் அங்கன்வாடிப் பெண்களும் நர்சம்மாக்களுமே. 2009இல் இந்தியாவில் 741 பிள்ளைகளுக்கு இருந்த நோய் 2010இல் 42 ஆகி, 2011இல் ஒன்றே ஒன்றாயிற்று. அந்தக் கடைசி நோயாளி மேற்கு வங்காளத்து ஹௌரா ஜில்லாக் குழந்தை. 2014 மார்ச் 27ந் தேதி நாடு இந்நோயினின்று விடுபட்டதென்று சான்று கிடைத்தது.

இதிலே கோடீசுவரன் பணமும் இருந்தது, கூலிக்காரியின் காலும் இருந்தது. காலில்லாமல் பணம் நடந்திருக்காது. பணமில்லாமல் மருந்து வந்திருக்காது. முன் ஜென்மத்து வினை என்றார்களே, அந்த வினை இரண்டு சொட்டில் எப்படித் தீர்ந்தது என்று வினைக்காரர்களைக் கேளுங்கள்.

ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியும் அப்படித்தான் வந்தது. காவி என்ற தடுப்பூசிக் கூட்டமைப்பு 2000இல் ஏற்பட்டது. அதன் உதவியோடு 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்த ஊசியைப் போட்டார்கள். ஒரு நாட்டின் வருமானம் உயர உயர அது தன் செலவைத் தானே ஏற்க வேண்டுமென்பது காவியின் ஏற்பாடு. இது நல்ல ஏற்பாடு. நடக்கப் பழக்குகின்றவன் ஒரு நாள் கையை விட வேண்டும்.

ஒரே அடுப்பு, இரண்டு வயிறு?

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். 1956இல் எந்த எட்டயபுரத்தில் சோறு தொடங்கிற்றோ, அந்த வட்டாரத்திலேயே உசிலம்பட்டி என்ற கிராமத்தில் 2023 செப்டம்பரில் பிள்ளைகள் காலைச் சிற்றுண்டியைத் தொடவில்லை. சமைத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்பதே காரணமென்று பத்திரிகைகள் எழுதின. மந்திரியும், பார்லிமெண்டு அங்கத்தினரும், கலெக்டரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

அந்தப் பிள்ளைக்கு ஜாதி தெரியுமா? வீட்டிலே ஊட்டினார்கள், தெரிந்துகொண்டது. வெளிநாட்டான் பால்பவுடர் அனுப்பினபோது அது யார் கறந்த பால் என்று நாம் கேட்டோமா? ஊசி மருந்தை எந்த ஜாதிக்காரன் காய்ச்சினான் என்று கேட்கிறோமா? உயிர் போகிற இடத்தில் கேட்காத ஜாதியை உப்புமாவில் கேட்கின்றோம். எத்தனை கோடி கொட்டினாலும் இந்த நோய்க்கு வெளியூரிலிருந்து மருந்து வராது. இதற்கு மருந்து நம் வீட்டிலேதான் இருக்கின்றது.

என்ன செய்ய வேண்டும்?

"சோற்றுக்காகத்தானே பிள்ளைகள் வருகின்றன?" என்று சிலர் ஏளனம் செய்கின்றார்கள். ஆம், சோற்றுக்காகத்தான் வருகின்றன. வக்கீல் கோர்ட்டுக்கு எதற்காகப் போகின்றார்? புரோகிதர் கலியாணத்துக்கு எதற்காகப் போகின்றார்? பெரியவர்களுக்கில்லாத இழிவு பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

தனவந்தரோ, கம்பெனியோ, வெளிநாட்டு ஸ்தாபனமோ நம் பள்ளிக்கு உதவ வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கை ஊரார் பார்க்கலாமா? நீங்கள் போன பிறகும் இது நடக்க என்ன ஏற்பாடு? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தியா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் மாலை போட்டு வரவேற்கலாம். பதில் வராவிட்டால், பள்ளிச் சுவரில் அவர் பெயரை எழுதுவதற்காக வந்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் சர்க்கார் 2022 டிசம்பரில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" என்ற திட்டத்தைத் தொடங்கி, பழைய மாணவர்களும் கம்பெனிகளும் பள்ளிக்குக் கொடுக்க வழி செய்திருக்கின்றது. பள்ளிக்கூடந்தோறும் பெற்றோர்களைக் கொண்ட மேலாண்மைக் குழுவும் உண்டு. அக்கூட்டத்துக்கு உங்களில் எத்தனை பேர் போனீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (சில கைகள்) பார்த்தீர்களா! கோயில் கொடைக்கு வரி கொடுக்காதவன் வீட்டைத் தேடிப் போகின்றோம். பள்ளிக்குழுவுக்கு வராதவனை யாரும் தேடுவதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அரிசியைக் கையில் அள்ளிப் பாருங்கள். முட்டை எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஊசி போடாத பிள்ளை எந்தத் தெருவில் இருக்கின்றது என்று விசாரியுங்கள். பள்ளிக்கு வராமல் நின்ற பெண் பிள்ளை ஏன் நின்றாள் என்று அவள் வீட்டுக்கே போய்க் கேளுங்கள்.

அன்று என் அக்காள் நின்றபோது எங்கள் வீட்டுக்கு வந்து அப்படிக் கேட்க ஊரில் ஒருவருமில்லை. அதற்காகத்தான் இன்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.