முகத்தில் படும் அடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் செயலாளர் அவர்கள் இவ்வாண்டு என்னிடம், “டாக்டர், நம் குழந்தைகளுக்குப் பயன்படும்படியாக ஏதேனும் பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். எதைப் பேசுவது என்ற எண்ணத்தோடு வந்தேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருவன் நெற்றியில் பிளாஸ்திரி. இன்னொருவனுக்கு முன்பல்லில் பாதியைக் காணோம். பேச வேண்டிய பொருள் இன்னதென்று அவர்கள் முகங்களே எனக்குச் சொல்லிவிட்டன.

“எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்” என்பது நம் முன்னோர் மொழி. மூச்சுவிடும் வழி, உண்ணும் வாய், காணும் கண் ஆகிய அனைத்தும் முகம் என்னும் ஒரு சாண் இடத்துக்குள் அடங்கியுள்ளன. அவற்றுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. அந்த இடம் இரத்த ஓட்டம் மிகுந்தது. சிறு கீறலும் சட்டையை நனைத்துவிடும். ஆதலால் நாம் இரத்தத்தைக் கண்டு பதறுகிறோம். இரத்தம் நின்றவுடன் கவலையும் நின்றுவிடுகிறது. இங்கேதான் பிழை நேர்கிறது. முகத்தில் அடிபட்டால் வெளியே வழியும் இரத்தத்தைக் காட்டிலும் உள்ளே மறைந்திருக்கும் கேடே பெரும்பாலும் கொடியது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வொன்றே.

இதை நான் நூலில் மட்டும் படித்து அறியவில்லை. என் பிழையால் அறிந்தேன். மருத்துவம் பயின்று முடித்து நான் முனிர்காவுக்குக் குடிவந்த புதிது. ஒருநாள் மாலை, கட்டடத்தின் கீழே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பந்தைப் பிடிக்க ஓடி, நடைபாதையின் விளிம்பில் முகவாய்க்கட்டை மோதும்படி விழுந்தான். அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் மூன்று தையல் போட்டு அனுப்பினார். அவன் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். “தையல் அழகாக இருக்கிறது, அஞ்சவேண்டா அம்மா” என்று சொல்லி அனுப்பினேன். ஓராண்டு சென்றது. அந்த அம்மையார் மீண்டும் வந்து, “டாக்டர், பையன் இட்லியைக்கூட விண்டு விண்டுதான் வாயில் வைக்கிறான்” என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது.

நடந்தது இதுதான். முகவாயில் பட்ட அடியின் வேகம் தாடையெலும்பின் வழியே மேலேறி, காதுக்குச் சற்று முன்னாலுள்ள மூட்டின் மெல்லிய கழுத்தை முறித்திருந்தது. மூட்டுக்குள் கசிந்த இரத்தம் நாளடைவில் எலும்பாக இறுகி, தாடையை மண்டையெலும்போடு ஒட்டவைத்துவிட்டது. அப்பிள்ளைக்குப் பெரிய அறுவைச் சிகிச்சையும், அதன்பின் பல மாதப் பயிற்சியும் வேண்டியிருந்தன. தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால், இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படாது. சில நாள் ஓய்வும், மென்மையான உணவும், வாய் திறக்கும் பயிற்சியும், மருத்துவரின் கண்காணிப்பும் போதும். “வாயைத் திற, பல்லைக் கடி, முன்போலப் பொருந்துகிறதா?” என்று அன்று நான் கேட்கவில்லை. அக்கேள்விகளை உங்களிடம் ஒப்படைக்கவே இன்று நிற்கிறேன்.

முகத்தில் அடிபட்ட பிள்ளையிடம் முதலில் கவனிக்க வேண்டியது உயிர். நினைவு உள்ளதா? மூச்சு தடையின்றி வருகிறதா? கழுத்து வலிக்கிறதா? கழுத்து வலித்தால் அசைக்காமல் உதவிக்கு ஆள் அழையுங்கள். நினைவுள்ள பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். முன்புறம் குனிந்து உட்காரவைத்து, வாயிலுள்ள இரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். நினைவின்றி மூச்சு மட்டும் வருமாயின், தலையும் கழுத்தும் உடலும் ஒருசேர இருக்கும்படி பக்கவாட்டில் திருப்பிவிட்டு, 112 என்ற எண்ணை அழையுங்கள். இரத்தம் பெருகும் காயத்தைத் தூய துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் ஆகியவற்றுக்கு நம் சமையலறையில் உரிய இடம் உண்டு. காயத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

டில்லி அணிக்காக நெடுங்காலம் ஆடிய ரமண் லம்பாவை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். 1998 பிப்ரவரியில் டாக்காவில், மட்டையாளருக்கு மிக அருகில் ஹெல்மெட் இன்றி நின்றபோது, அடித்த பந்து அவர் தலையில் பட்டது. அவர் எழுந்து நடந்தே திடலைவிட்டு வெளியேறினார். பின்னர் நிலைமை மோசமாயிற்று. மூன்று நாள் கழித்து மறைந்தார். எழுந்து நடந்தான் என்பதனால் ஆபத்து நீங்கியதென்று எண்ணலாகாது. தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, அளவு மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போன்ற திரவம் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தலை கலங்கியவன் அன்று மீண்டும் ஆடவே கூடாது.

அடுத்தது கண். விக்கெட் காப்பாளர் சபா கரீம் 2000-ஆம் ஆண்டு டாக்காவில் கண்ணில் அடிபட்டார். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012-இல் ஸ்டம்பின் மேலிருந்து தெறித்த சிறு கட்டையால் அடிபட்டார். பவுச்சரின் ஆட்ட வாழ்வு அதனோடு முடிவுற்றது. நம் ஊர்க் கிட்டிப்புள்ளும், இங்குள்ள பிள்ளைகள் ஆடும் கில்லி தண்டாவும் அதே ஆபத்தைத் தருவனவே. அடிபட்ட கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. கண்மீது படாதவாறு ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து மூடி உடனே அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளிடம் ஒன்றைத் தனியாகக் கவனியுங்கள். கண் வெள்ளையாகவே இருக்கும். வீக்கமும் அதிகம் இராது. ஆனால் “மேலே பார்” என்றால் ஒரு கண் மட்டும் மேலே செல்லாது, இரட்டையாகத் தெரிகிறது என்பான், வாந்தியும் எடுப்பான். கண்குழியின் அடியெலும்பு பிளந்து மூடி, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டதன் அறிகுறி அது. மறுநாள் பார்ப்போம் என்று அதை விடலாகாது.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாத்துவது நம் வீடுகளில் பழகிய தவறு. இரத்தம் தொண்டையில் இறங்கும். முன்னே குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பதினைந்து நிமிடம் பிடித்துக்கொள்ளவேண்டும். இரத்தம் நின்ற பின்னும் மூக்கு அடைத்தே இருந்தால், உள்ளே நடுச்சுவரில் மெத்தென்ற வீக்கம் உள்ளதா என்று மருத்துவர் அன்றே பார்க்கவேண்டும். அங்கே தேங்கிய இரத்தத்தை அகற்றாவிடில் குருத்தெலும்பு அழிந்து மூக்கு அமுங்கிப்போகும்.

“பல் போனால் சொல் போகும்” என்பர். நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்தாலும் அதை மீட்க வழி உண்டு. முதலில் பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ தூய நீரிலோ ஒருமுறை அலசி, பள்ளத்திலேயே பொருத்தி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். அதற்குத் துணிவில்லையேல் குளிர்ந்த பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். நம் காலனிகளில் மதர் டெய்ரி பூத் அருகிலேயே இருப்பது இதற்கும் நன்மையே! பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தலாகாது. கீழே வளரும் நிலைப்பல் கெடும்.

தாடையைப் பற்றி முன்னரே கூறினேன். பற்கள் முன்போலப் பொருந்தாமை, வாய் திறக்க இயலாமை, கீழுதடு மரத்துப்போதல், நாக்கின் அடியில் இரத்தம் கட்டுதல் ஆகிய நான்கும் முறிவின் குறிகள். கன்னம் தட்டையாகி மேலுதடு மரத்திருந்தால் கன்ன எலும்பு முறிந்திருக்கலாம். அப்பிள்ளை மூக்கைச் சிந்தலாகாது.

இவ்விடத்தில் இளைஞர்கள் என்னிடம், “டாக்டர், கும்ப்ளே ஆடவில்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1999 பிப்ரவரி 7-ஆம் நாள், இதே டில்லியின் பெரோஸ் ஷா கோட்லாவில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தியவர் அனில் கும்ப்ளே. 2002 மே மாதம் ஆன்டிகுவாவில் மெர்வின் டில்லன் வீசிய பந்து அவர் தாடையை முறித்தது. அவர் முகத்தைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர்கள் வீசி, பிரையன் லாராவையும் வெளியேற்றினார். அந்த நெஞ்சுரத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அவர் முறிவை மறைக்கவில்லை என்பதை மறவாதீர்கள். காயம் இன்னதென்று அறிந்து கட்டுப்போட்டுக்கொண்டார். ஆட்டம் முடியுமுன்னரே பெங்களூருக்குப் புறப்பட்டு அறுவைச் சிகிச்சை பெற்றார். நம் பிள்ளைகளோ, வீட்டில் திட்டுவார்கள், நாளை முதல் விளையாட விடமாட்டார்கள் என்று அஞ்சி அடியையே மறைக்கிறார்கள். முன்னது வீரம், பின்னது அச்சம்.

அந்த அச்சத்தைப் போக்கவேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நாமே. அடிபட்டு வரும் பிள்ளையிடம் “யார் உன்னை விளையாடச் சொன்னது?” என்று கேட்குமுன், “எங்கே பட்டது? எப்படித் தெரிகிறது?” என்று கேளுங்கள். கெட்டிப் பந்தில் ஆடினால் ஹெல்மெட்டும், ஹாக்கிக்கும் குத்துச்சண்டைக்கும் பற்காப்பும் வாங்கிக் கொடுங்கள். நாம் நற்பேறு பெற்றவர்கள். முனிர்காவிலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனையும், அதன் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையமும், ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையமும், சப்தர்ஜங் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. தொலைவில் இருப்பது, போகவேண்டும் என்று அறியும் அறிவே.

நான் சொன்ன சிறுவன் இன்று வளர்ந்து பணியில் இருக்கிறான். முகவாய் சற்றே ஒருபுறம் சாய்ந்திருக்கும். என்னைக் கண்டால் வாய் நிறையச் சிரிப்பான். அச்சிரிப்பைக் காணும்போதெல்லாம் நான் கேட்க மறந்த கேள்வி என் நினைவுக்கு வருகிறது. நீங்கள் அதைக் கேட்க மறவாதீர்கள் என்று வேண்டி, பரிசு பெறும் செல்வங்கள் நன்றாக ஆடி நலமுடன் வளர வாழ்த்தி அமைகிறேன்.