பரீராவின் கேள்வி



அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரழி) அவர்களுக்கு, அடிமையாகவே இருந்த கணவர் முகீதுடன் வாழ்வதா, பிரிவதா எனத் தீர்மானிக்கும் உரிமை கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீதோ தாடி நனைய அழுதவண்ணம் அவர் பின்னே நடந்தார். நபி (ஸல்) அவர்கள் மனமிரங்கி, அவரிடம் மீளலாமே என்றார்கள். இது கட்டளையா என வினவினார் பரீரா. இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியாயின் அவர் தமக்குத் தேவையில்லை என்றுரைத்தார். எத்துணைத் துணிவு!

எமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ மணமகளின் கையொப்பத்தைக் கோராமலே இயற்றப்பட்டது, வலீயே ஒப்பமிட்டார்.

பெற்றோரே, கன்னியின் மௌனம் சம்மதமென்பது மெய்தான். ஆயினும் அவளிடம் கேட்ட பின்னர் வரும் மௌனமே அது.