பேசாதவர் வீட்டு அன்பு

(‘இல்லறத்தில் அன்பு நிலைக்கப் பெரிதும் துணை நிற்பது கலகலப்பான மனமா? அமைதியான மனமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘அமைதியான மனமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! பேசி முடித்த பிறகும் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தலைப்புக்கு ஏற்ற மாதிரி வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற எங்கள் அணித் தோழர்களே! அரங்கத்திலும் இல்லத்திலும் அமர்ந்து கேட்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். “வாயே திறக்காத ஒருத்தனை எவ காதலிப்பா? அதுக்கு ஒரு சுவரைக் காதலிக்கலாமே!” அப்படின்னார். நல்லா கைதட்டுனீங்க. நானும் தட்டினேன். ஆனா தம்பி, கூரை எதன் மேலய்யா நிக்குது? சுவர் மேலதானே நிக்குது! (கைதட்டல்)

நான் யாரைப் பத்திப் பேசப்போறேனோ, அந்த ஆளை முதல்ல உங்க கண்ணு முன்னால நிறுத்திடுறேன். கல்யாண வீட்டுக்கு வருவார். பந்தியில ஓர இலையாப் பார்த்து உட்காருவார். மொய் எழுதின கையோட செருப்பைத் தேடுவார். ஊரு அவருக்கு வெச்ச பேரு ‘உம்மணாமூஞ்சி’. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு ரத்தம் வேணும்னா ஆஸ்பத்திரி வாசல்ல முதல் ஆளா நிற்பார். அவர் மனசுக்குள்ள ஒரு உலகம் இருக்கு. அங்கே பொய் கிடையாது. கொடுத்த வாக்கு மாறாது. ஒருத்தர் மேல அன்பு வெச்சா அது சாகும்வரைக்கும்தான். இந்தக் காலத்துல இதெல்லாம் நடக்குமான்னு நாம சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை.

இந்த மனிதரைப் பத்தி சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். மனம் வெளியே பாய்கிறவர் ஒரு வகை; உள்ளே பாய்கிறவர் இன்னொரு வகை என்று பிரித்தார். புறமுகர், அகமுகர். கூச்சம் வேற, இது வேற. கூச்சப்படுறவன் கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுறான். அகமுகர் பயப்படுறதில்லை, கூட்டத்துல இருந்தா களைச்சுப் போயிடுறார், அவ்வளவுதான். யுங் சொன்னதை வைத்து அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும், இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் என்ற மகளும் கேள்வித்தாள் தயாரித்து, மனிதர்களைப் பதினாறு வகையாக்கினார்கள். இப்போ நம்ம பிள்ளைங்க செல்போன்ல அந்த மாதிரி கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, “மேடம், நான் ஐ.என்.எஃப்.பி.” அப்படிங்குதுங்க. கேக்குறவங்க ஏதோ மேல்படிப்புன்னு நெனைப்பாங்க. (சிரிப்பு) உள்முகமா இருக்கிற, இலட்சியம் பேசுற மனசுன்னு அதுக்கு அர்த்தமாம். உளவியல் அறிஞர்கள் பலர் இந்தப் பதினாறு பெட்டியை ஒப்புக்கொள்வதில்லை. அதே ஆள் சில வாரம் கழிச்சு எழுதினா வேற பெட்டியில விழுறதும் உண்டு. அதனால ஜாதகத்தைத் தூக்கிப் போட்டுட்டு இதை வெச்சுப் பொருத்தம் பார்க்க ஆரம்பிச்சுடாதீங்க. ஆனால் அமைதியான மனசுன்னு ஒன்று இருக்கிறது. அது நோயல்ல, குறையல்ல. அதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போ எதிரணிக்கு வேலை மிச்சம். எங்க ஆளோட குறையை நானே சொல்லிடுறேன். இந்த இலட்சிய மனசுக்காரர் ஒரு பெண்ணைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணைப் பார்க்கிறதில்லை. தன் மனசுக்குள்ள பத்து வருஷமா வரைஞ்சு வெச்சிருக்காரே ஒரு படம், அதைத்தான் பார்க்கிறார். படத்துல இருக்கிறவ ஒரு நாளும் தலைவலின்னு படுத்திருக்க மாட்டா. அரிசி தீர்ந்துபோச்சுன்னு சொல்லமாட்டா. நிஜத்துல வர்றவ சொல்லுவா. அப்போ இவர் சண்டை போடுவாரா? அதுவும் மாட்டார். “நான் நெனச்ச ஆள் இவ இல்லையோ”ன்னு உள்ளுக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தி, தானே வக்கீல், தானே நீதிபதி, தீர்ப்பும் எழுதிடுவார். பாவம், அந்தப் பெண்ணுக்கு வாய்தாகூடத் தரமாட்டார்! (சிரிப்பு)

எதிரணித் தலைவி கண்ணகியைக் கொண்டு வந்தாங்க. “கண்ணகி வாயைத் திறந்து கேட்டிருந்தா கோவலன் போயிருப்பானா?”ன்னாங்க. அம்மா, கோவலன் மாதவியையும் விட்டுட்டுத்தானே போனான்! அவ பேசத் தெரியாதவளா? புகார்க் கடற்கரையிலே யாழ் இருக்கு, பாட்டு இருக்கு, எல்லாம் இருக்கு. அவன் ஒரு பாட்டுப் பாடுறான். இவன் மனசுல வேற யாரோ இருக்காங்கன்னு அவ நெனைக்கிறா. சும்மா இருப்பாளா? தன் மனசுலேயும் வேற ஒருத்தர் இருக்கிற மாதிரி பதில் பாட்டுப் பாடுறா. அவன் அதை நெசம்னு நம்பி எழுந்து போயிட்டான். “யாரை நெனச்சு இதைப் பாடினே?” இந்த ஒரு வார்த்தையை ரெண்டு பேருமே கேட்கலை. மாதவி வசந்தமாலை மூலமா அனுப்பின முதல் ஓலையை அவன் வாங்கவே இல்லை. ரெண்டாவது ஓலை, கோசிகன் கையில, மதுரைக்குப் போற வழியில வந்து சேருது. அப்போதான் அவ மேல குத்தமில்லைன்னு அவனுக்குப் புரியுது. புரிஞ்சு என்ன பிரயோசனம்? இதுல எங்கேங்க மௌனம் கெடுத்தது? பாட்டு நிறைய இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கலை.

இப்போ ரெண்டு வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள். ரெண்டு பேருமே தனிமை விரும்பிகள்.

ஒருத்தர் டென்மார்க் நாட்டுத் தத்துவ அறிஞர் கீர்க்ககோர். கோபன்ஹேகன் நகரத்துல ரெஜினா ஓல்சன் என்ற பெண்ணை உயிருக்குயிரா நேசிச்சார். 1840-ல் நிச்சயதார்த்தம் ஆச்சு. மறு வருஷமே மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். தன் மன இருட்டு அவளை வாட்டிவிடும், தான் அவளுக்கு ஏற்றவனில்லை என்று அவருக்குள்ளேயே ஒரு தீர்ப்பு. அதை அவகிட்ட விட்டுச் சொன்னாரா? இல்லை. அவளே வெறுத்து ஒதுக்கட்டும்னு, கல்நெஞ்சுக்காரன் மாதிரி நடிச்சார். பிறகு அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். இவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1855-ல் இறந்தபோது உயிலைப் பிரிச்சுப் பார்த்தா, தன் உடைமைகளை ரெஜினாவுக்கு எழுதி வெச்சிருக்கார்! உயில்ல எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு நேர்ல சொல்லத் தெரியலையே. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இன்னொருத்தர் சார்லஸ் டார்வின். இவரும் கூட்டத்துக்கு ஆகாத மனுஷன். நாலு பேர் வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போனா மறுநாள் உடம்புக்கு முடியாது. 1860-ல் ஆக்ஸ்போர்டில் இவருடைய கொள்கையை வைத்துப் பெரிய வாக்குவாதம். இவர் அங்கே போகவே இல்லை. இவருக்காக மல்லுக்கட்டினவர் நண்பர் ஹக்ஸ்லி. நம்ம சங்கப் பாட்டுல தலைவிக்காகத் தோழி பேசுவாளே, வீட்டாருக்கு உண்மையை எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்பாளே, அந்த மாதிரி டார்வினுக்கு வாய்த்த தோழி ஹக்ஸ்லி. (சிரிப்பு) பேசத் தெரியாதவங்களுக்கு ஒரு தோழி வேணும்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே தமிழ்ப் புலவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

அந்த டார்வின் 1838-ல் ஒரு தாளை எடுத்து நடுவுல கோடு போட்டார். ஒரு பக்கம் கல்யாணம் செய்தால், இன்னொரு பக்கம் செய்யாவிட்டால். புத்தகம் வாங்கக் காசு குறையும், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்த் தொலையணும், இதெல்லாம் நஷ்டக் கணக்கு. வயசான காலத்துல பேச்சுத் துணை, நாய் வளர்க்கிறதுக்கு எவ்வளவோ தேவலை, இது லாபக் கணக்கு. (பலத்த சிரிப்பு) சிரிக்காதீங்கம்மா, நம்ம வீட்டுலயும் இப்படி எழுதினவங்க இருப்பாங்க. தாளை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. கணக்குப் போட்டு முடிச்சுக் கல்யாணம்தான்னு முடிவு பண்ணி, யாரைப் போய்க் கேட்டார் தெரியுமா? எம்மாவை. அம்மாவோட கூடப்பிறந்த தம்பி மகள். நம்ம ஊர்க் கணக்குல தாய்மாமன் மகள், முறைப்பொண்ணு!

இங்கேதான் கவனிக்கணும். டார்வினுக்கு மதத்துல சந்தேகங்கள் இருந்தன. எம்மாவோ ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவள். “இதையெல்லாம் கட்டிக்கப்போறவகிட்ட சொல்லாதே, மறைச்சிடு” என்று அப்பா புத்தி சொல்கிறார். மகன் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற அந்த மனுஷன், இழந்துவிடுவோமோ என்ற நிலையிலும் அவளிடம் சொல்லிவிட்டார். 1839 ஜனவரியில் கல்யாணம் நடந்தது. அவள் மனசுல கவலை இருந்தது. மரணத்துக்குப் பிறகு நாம் பிரிந்துவிடுவோமே என்று பயந்தாள். சண்டை போட்டாளா? ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை டார்வின் ஆயுசுக்கும் பத்திரமா வெச்சிருந்தார். தான் செத்த பிறகு அவள் பார்க்கட்டும் என்று, எத்தனையோ முறை அதை முத்தமிட்டு அழுததாக அதன் கீழேயே எழுதி வைத்தார். கருத்து கடைசிவரை ஒத்துப்போகலை. ஆனா 43 வருஷம் அன்பு நிலைச்சுது. பத்துப் பிள்ளைகளில் மூன்றைப் பறிகொடுத்த துக்கத்தையும் தாண்டி நிலைச்சுது.

தினம் ராத்திரி என்ன பண்ணுவாங்க தெரியுமா? நம்ம தாயம் மாதிரி, கட்டை உருட்டிக் காய் நகர்த்துற பேக்கேமன் ஆட்டம், ரெண்டே ரெண்டு ஆட்டம் ஆடுவாங்க. டார்வின் அதுக்கும் கணக்கு! 1876-ல் ஒரு நண்பருக்கு எழுதுகிறார்: மனைவி ஜெயித்தது 2,490 ஆட்டம், தான் ஜெயித்தது 2,795. மொத்தம் கூட்டிப் பாருங்க, ஐயாயிரத்துக்கு மேலே! ரெண்டாயிரத்து அறுநூறு ராத்திரிக்கு மேல கலகலன்னு என்னத்தைய்யா பேசுறது? காயை உருட்டுனாங்க. பக்கத்துல இருந்தாங்க.

என்கிட்ட முதுகலை படிச்ச ஒரு பையன். நூலகத்துல வேலை. பெண் பார்க்கப் போன இடத்துல “ரெண்டு பேரும் மாடியில போய்ப் பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க”ன்னு அனுப்பியிருக்காங்க. அவ கொடியில காயுற துணியைப் பார்க்கிறா. இவன் தண்ணித் தொட்டியைப் பார்க்கிறான். பத்து நிமிஷமும் பேச்சே இல்லை. கீழே வந்து ரெண்டு பேரும் சம்மதம்னுட்டாங்க! ஏன்னு கேட்டா, “என்னைப் பேசச் சொல்லித் தொந்தரவு பண்ணலை மேடம்”கிறான். அவளும் அதையேதான் சொன்னாளாம். (சிரிப்பு, கைதட்டல்) அதோட சுபம் போட்டுடலாம்னு நெனைக்கிறீங்களா? ஆறு மாசத்துல ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்து, “அவங்களுக்கு என்னைப் பிடிக்கலை போல”ன்னு கலங்குறாங்க. சொல்லாமலே புரிஞ்சுக்கணும்னு ரெண்டு பேருமே காத்திருக்காங்க! எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னா இந்த மாதிரி ஆட்களுக்கு நாக்கு ஒட்டிக்கும். அதனால ராத்திரி பாத்திரம் கழுவுறதை ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கன்னேன். அவன் கழுவணும், அவ துடைச்சு அடுக்கணும். முகத்தைப் பார்க்க வேண்டாம், கை வேலையா இருக்கும், பேச்சு தானா வரும். இப்போ அவங்க வீட்டுல பாத்திரம் கழுவ ஆள் வெச்சுக்க வசதி இருக்கு. வைக்க மாட்டேங்கிறாங்க.

திருவள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம் கொடுத்தார். அதுல காதல் அரும்புகிற களவுக்கு 7. கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற கற்புக்கு 18. நம்ம சினிமாவுல இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்! அந்த ஏழிலே ஒன்று குறிப்பறிதல். அதே பெயரில் பொருட்பாலிலும் ஓர் அதிகாரம் வைத்தார். அரசன் முகத்தைப் பார்த்து அறிகிற அமைச்சனுக்கு என்ன நுட்பம் வேண்டுமோ, அதே நுட்பம் காதலுக்கும் வேண்டும். அந்த நுட்பம் யாரிடம் இருக்கும்? சதா பேசுகிறவரிடமா, பார்த்துக்கொண்டிருப்பவரிடமா? எங்க வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தைன்னு அதுக்கும் கணக்கு வெச்சிருப்பார். ஆனா நான் மேடையில தோத்துட்டு வந்தேனா, ஜெயிச்சுட்டு வந்தேனான்னு செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவார். (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒன்றே ஒன்று. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று ஒரு பழமொழி சொல்றோமே, பெண்ணைப் பெற்றவர்களே, தயவுசெய்து அதைக் கல்யாணப் பேச்சில் எடுக்காதீர்கள். வாயாடிப் பொண்ணு பிடிக்கலைன்னா கத்திடுவா. அமைதியான பொண்ணு கத்தமாட்டா, தலையைக் குனிஞ்சுக்குவா. சபையில பத்துப் பேர் முன்னால “என்னம்மா, சம்மதம்தானே?”ன்னு கேட்டுட்டு, குனிஞ்ச தலையைப் பார்த்துத் தட்டை மாத்திடுறீங்க. ரெண்டு நாள் டைம் கொடுங்க. அவ அக்காவையோ, சிநேகிதியையோ விட்டுத் தனியாக் கேளுங்க. இல்லையா, ஒரு தாளும் பேனாவும் கொடுத்துட்டு அறையை விட்டு வெளியே வந்துடுங்க. அவ எழுதுவா. அதைப் படிச்சுட்டு அப்புறம் பாக்கு வெத்தலை மாத்துங்க...

மணி அடிச்சாச்சு. நான் அமைதியான அணி. மணி அடிச்சா உட்கார்ந்துடுவேன். எதிரணி மாதிரி மூணாவது மணி வரைக்கும் நிற்கமாட்டேன். (சிரிப்பு)