பிழை திருத்தும் வினாக்கள்



தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 என்னும் பரீட்சையில் வினாக்கள் 200. அவற்றுட் சரிபாதியாகிய 100 தமிழைப் பற்றியன. தமிழ்ப் பகுதிக்குரிய 150 மதிப்பெண்களில் 60 பெறாதவருடைய ஏனை விடைகளை மதிப்பிடுவதே இல்லை. கணக்கிலும் சரித்திரத்திலும் வல்லவராயினும் அவருக்கு அம்முறை உத்தியோகம் இல்லை. வீட்டிற் பேசுவது தமிழே, இதற்கெனத் தனியே படிப்பானேன் என்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். பிழை திருத்தும் வினாக்களில் அவர்களைக் கெடுப்பது அந்நம்பிக்கையே.

ஏனெனில், இவ்வினாக்களைச் செவியைக் கொண்டு தீர்க்கலாகாது. 'மாடுகள் வயலில் மேய்கிறது' என்னும் வாக்கியம் நம் செவியை உறுத்துவதில்லை. ஒரு மாடாயினும் ஒன்பது மாடாயினும் பேச்சில் நாம் 'மேயுது' என்றே சொல்லிப் பழகியுள்ளோம். அது பேச்சுக்குரிய இலக்கணம்; அதனை இழிவென்று நாம் கூறோம். பரீட்சை கேட்பதோ எழுத்து வழக்கு. ஆங்கு 'மேய்கின்றன' என்பதே விடை. ஆகவே நான்கு விடைகளையும் வாசித்து எது செவிக்கு இசைகிறதென்று பார்ப்பதற்கு முன்னரே, பயனிலையைக் கண்டு அதற்குரிய எழுவாயைத் தேடுக. இடையில் எத்தனை சொற்கள் நின்றாலும் மயங்கற்க. 'அங்கத்தினர்களுள் ஒருவர் நேற்று வந்தார்கள்' என்பதில் எழுவாய் 'ஒருவர்' என்பதே. 'வந்தார்' என்று முடிதல் வேண்டும். 'ஒவ்வொரு பள்ளிகளிலும்' என்று எழுதுவாரும் பலர். 'ஒவ்வொரு' என்பது ஒருமையையே வேண்டி நிற்கும். 'ஒவ்வொரு பள்ளியிலும்' என்க.

'அது நல்லது அல்ல' என்பதும் இவ்வினத்ததே. அது எனின் 'அன்று'. அவை எனின் 'அல்ல'. அவன் எனின் 'அல்லன்'. அவர் எனின் 'அல்லர்'. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', பிறவற்றுக்கு முன் 'ஒரு' என்பது ஒரு நிமிஷத்திற் கற்கத்தக்கது, விரிக்க வேண்டுவதில்லை.

மாணவர் பெரிதும் திகைப்பது ஒற்று மிகும் இடத்திலேதான். 'வேலை கொடுங்கள்' என்பது உத்தியோகம் கேட்டல். 'வேலைக் கொடுங்கள்' என்று எழுதிவிட்டாலோ, கையிலுள்ள வேலாயுதத்தைக் கேட்டதாக முடியும்! முன்னதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்துள்ளது. பின்னதில் 'வேல்' என்பதோடு 'ஐ' வெளிப்பட்டு நிற்றலின் ஒற்று மிகுந்தது. இதனை அறிந்தவர் 'கதவை திறந்தான்' என்பதிற் பிழை எங்கேயென்று தேடி அலையார். இனி, 'வந்து போனான்' என்பதில் மிகாது. 'படித்துப் பார்த்தான்' என்பதில் மிகும். இரண்டும் வினையெச்சமாயிருக்க, இவ்வேற்றுமை ஏன்? இறுதியிலுள்ள 'து'வுக்கு முன் நிற்கும் மெய்யைப் பார்க்க. மெல்லினமாகிய 'ந்' நின்றால் மிகாது. வல்லினமாகிய 'த்' நின்றால் மிகும். 'செய்து கொடுத்தான்' என்பதில் நிற்பது இடையினமாகிய 'ய்', அங்கும் மிகாது. 'படித்த பையன்' என்பதோ பெயரெச்சம்; அதிலும் மிகாது. ஒற்றை விட்டுவிடுவோர் ஒருபுறமிருக்க, ஐயம் வந்த இடமெல்லாம் அதனைத் தூவிச் செல்வோரும் உளர். இருவருக்கும் நஷ்டம் ஒன்றே.

சில வினாக்களில் இரண்டு விடைகள் பொருந்துவனபோலத் தோன்றும். இப்பகுதி பத்தாம் வகுப்புத் தரத்தது. ஆதலின் பள்ளிப் பாடநூல் விதிப்பதையே குறிக்க. பண்டிதர்களுடைய வாதங்களைப் பரீட்சை மண்டபத்திற்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

காலமோ மூன்று மணி. ஒரு வினாவுக்கு முழு நிமிஷமும் இல்லை. விதி அறிந்தவர் இவ்வினாக்களை விரைவில் முடித்து, மிஞ்சிய பொழுதைக் கணக்குக்குக் கொடுப்பர். அறியாதவர் நான்கு விடைகளையும் மும்முறை வாசித்துக்கொண்டிருப்பர்.

இங்கே நாற்பது வாக்கியங்கள் எழுதிக் கொணர்ந்துள்ளோம், விடைகள் சேர்க்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் எழுவாயின் கீழும் பயனிலையின் கீழும் கோடிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருக.