தீவுச் சிறாரும் உணவுப் பாடமும்



பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவினர் முன்னாளில் மீனும் ஈரப்பலாவும் சேப்பங்கிழங்கும் உண்டு வாழ்ந்தவர்கள். பின்னர் கப்பலில் சீனியும் சோடாவும் வந்தன. வான்கோழி வாலும் வந்தது. அமெரிக்கர் பெரும்பாலும் உண்ணாது கழிக்கும் கொழுப்புப் பண்டம் அது! பெரியோரோடு சிறுவரும் அளவுமீறிப் பருத்தனர், நீரிழிவு பெருகிற்று. 2007இல் அரசினர் அவ்வாலின் இறக்குமதியைத் தடைசெய்தனர். ஆயினும், 2012இல் உலக வர்த்தகத் தாபனத்திற் சேரும்பொருட்டு அத்தடையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

சட்டம் இவ்வாறு கைநழுவியபின் காவலாய் எஞ்சுவது பாடசாலையன்றோ? ஆனால், வகுப்பில் ஆசிரியர் சீனியின் தீங்கை விளக்க, வாயிலிலே சோடாக் கடை திறந்திருப்பின் அப்பாடம் எங்ஙனம் நிலைக்கும்? பாடசாலைத் தோட்டத்திற் தான் நட்ட கிழங்கை மதிய உணவிற் சுவைக்கும் பிள்ளைக்கே அது மீண்டும் இனிக்கும். பெற்றோரையும் அத்தோட்டத்துக்கு அழைத்தல் வேண்டும்; கடையில் வால் வாங்குபவர் பிள்ளைகளல்லர்.