கையடக்கத் தேசப்படம்

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் போர்த்துக்கேயர் காலத்தது. பெரிய கடவை என்பது அதன் பொருள். களனி கங்கையைக் கடக்க வந்தோர் அக்காலத்தில் ஓடக்காரரிடம் வழி கேட்டறிந்தனர். பின்பு தோணிகளை வரிசையாய்ப் பிணைத்த பாலம் அமைந்தது. அதன் இடத்தை 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் பெற்றது. இன்றோ, வழியறிய விரும்புவோர் பலர் கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவியின் திரையை நோக்குகின்றனர். ஆயினும், தேசப்படத்தைப் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு.

திரையில் இரு பொருள்கள் தோன்றுகின்றன. ஒன்று, நாம் நிற்குமிடத்தைக் காட்டும் குறி. மற்றொன்று, அதன் கீழே விரிந்திருக்கும் படம். குறி வானிலிருந்து வருவது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளுள் நான்கின் சமிக்ஞையேனும் கிடைத்தால், கருவி தன் இருப்பிடத்தைக் கணித்துக் கொள்ளும். படமோ என்றோ ஒருநாள் மனிதர் வரைந்து கருவிக்குள் சேர்த்து வைத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழைகளுக்கெல்லாம் தாயாகும்.

முதலில், திரையின் மேற்பக்கம் எத்திசை என்பதைத் தெளிதல் வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இருமுறைகள் உண்டு. ஒன்றில் வடக்கு எப்பொழுதும் மேலே நிற்கும்; மற்றதில் நாம் செல்லும் திசை மேலே வரும். கிராண்ட்பாஸிலிருந்து வெள்ளவத்தைக்குச் செல்லும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். காலி வீதியில் தெற்கு நோக்கிச் செல்லும் அவருக்குக் கடல் வலக்கைப் பக்கத்தில் இருக்கும். வடக்கு மேலேயுள்ள திரையிலோ அது இடப்பக்கத்தில் தோன்றும். திரையை நம்பி இடப்புறம் திரும்பினால், கடற்கரைக்குப் பதிலாக ஹவ்லொக் வீதிப் பக்கம் போய்ச் சேர்வார்.

மேலும், திசைகாட்டி பொருத்தப்படாத கருவி, அசையாது நிற்பவர் எத்திசையை நோக்குகிறார் என்பதை அறியாது. இருபது முப்பது அடி நடந்த பின்னரே அம்புக்குறியை நம்புதல் நன்று. உயர்ந்த சுவர்களுக்கிடையேயான ஒழுங்கைகளில் சமிக்ஞை எதிரொலித்து, நம்மை அடுத்த ஒழுங்கையில் நிற்பதாகக் காட்டுவதும் உண்டு. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்துகள் பெரிதாகும். அளவையின் நுட்பம் பெரிதாகாது. ஆதலால் திரையின் மூலையிலுள்ள அளவுகோலையும் நோக்குதல் வேண்டும்.

அடுத்து, படத்தின் வயது. இரண்டாவது புதிய களனிப் பாலம் 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட படத்தைக் கொண்ட கருவியோடு அப்பாலத்தில் ஏறுபவர், தாம் கங்கையின் மேல் மிதப்பதாகவே திரையில் காண்பார். அது நகைப்புக்குரியது. ஆனால் 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியது நகைப்புக்குரியதன்று. கருவிக்குள் சேமித்த படத்தில் வெள்ளம் தெரியாது. மூழ்கிய வீதியும் வீதியாகவே தோன்றும். அத்தகைய வேளையில் நோயாளியை ஏற்றிச் செல்பவர் திரையை மட்டும் நம்பினால், உயிருக்கே கேடு விளையலாம்.

ஆகவே, எம் பிள்ளைகளுக்குக் கருவியைக் கொடுக்குமுன் திசைகளைக் கற்றுக் கொடுப்போம். கொழும்பில் கடல் மேற்கே. களனி கங்கை வடக்கே. இவ்விரண்டையும் மனத்திற் பதித்தவர், மின்கலம் தீர்ந்த பின்னும் வீடு வந்து சேர்வர்.