வண்டியை விட்டு இறங்கமாட்டோம்

(கோவையில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உடையும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆய்வாளன் இல்லை. மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. ஜனங்க மெடிக்கல் ரெப்புன்னு சொல்றாங்களே, அந்த வேலை. காலையில் வண்டியை எடுத்தால் அவிநாசி ரோடு, காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் என்று ஒவ்வொரு டாக்டர் வாசலிலும் பையோடு காத்துக் கிடந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊர் திரும்புகிறவன். இந்த வேலைக்கு உடுப்பு விதி உண்டு. முழுக்கைச் சட்டை, அதை இன் பண்ணணும், கழுத்தில் டை, காலில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. சித்திரை வெயிலில் சிக்னலில் ஹெல்மெட்டும் டையுமாக நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும் அது என்ன சுகம்னு.

நான் குடியிருக்கிற ஊரிலும் உடுப்பு விதி உண்டு. அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எங்கள் வளவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர் நடுவில் ஒரே தெரு. அந்தத் தெருவில் வளவுக்காரன் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளணும். கோயில் முக்கு தாண்டித்தான் ஏறணும். சட்டையை இன் பண்ணியிருந்தால் திண்ணையிலிருந்து குரல் வரும்: "ஏண்டா, கலெக்டர் உத்தியோகமா? உன்ற அப்பன் எங்க தோட்டத்துல கோமணத்தோட நின்னவன்டா." என் அப்பனுக்கு வயசு எழுபது. இருபது வயசுப் பையன் அவரைக் கூப்பிடுவது 'டா' போட்டு. இவர் அவனைக் கூப்பிடுவது 'சாமி'ன்னு.

ஆக, கம்பெனி சட்டையை உள்ளே விடு என்கிறது. ஊர் வெளியே எடு என்கிறது. ஒரே சட்டை. நடுவில் முப்பது கிலோமீட்டர். இந்த முப்பது கிலோமீட்டரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

"இதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாருங்க சாதி பாக்கறாங்க?" என்று கோவையில் படித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சட்டப் பிரிவைக் காட்டலாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் 2015இல் திருத்தம் கொண்டுவந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதில் பிரிவு 3(1)(இசட் ஏ) என்ன சொல்லுது? தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியினரோ சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதை, பொது இடத்தில் செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதம். நன்றாகக் கவனியுங்கள் தோழர்களே. வண்டியும் செருப்பும் புதுத்துணியும் ஒரே வரியில் இருக்கின்றன. இல்லாத நோய்க்கு நாடாளுமன்றம் மருந்து எழுதவில்லை. ஊரெல்லாம் இது நடந்துகொண்டிருந்ததால்தான் 2015இலும் இப்படி ஒரு வரி எழுத வேண்டி வந்தது.

கொங்கு நாட்டில் செருப்பின் கதை நமக்குத் தெரிந்த கதை. ஆழமான கிணறு, கவலை போட்டு இறைக்கிற காலம். தண்ணி மொண்டு வருகிற தோல் பறியைத் தைத்தது யார்? அருந்ததியர். செத்த மாட்டைத் தூக்கி, தோல் உரித்து, பதப்படுத்தி, பறி தைத்து, பண்ணையக்காரருக்குச் செருப்பும் தைத்துக் கொடுத்தான். தைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகலாம். காலில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பின்னால் மோட்டார் பம்பு வந்தது. பறி போயிற்று, அந்தத் தொழிலும் போயிற்று. செருப்புத் தடை மட்டும் போகவில்லை. கவலைக்கு மோட்டாரை மாற்றிக்கொண்டவர்களுக்கு நம்ம காலில் இருக்கிற ஷூவை மட்டும் ஏன் பொறுக்க முடியவில்லை? மோட்டார் அவர்களுக்கு லாபம். ஷூ போட்ட நம்ம காலில் அவர்களுக்கு என்ன லாபம் இருக்கு?

நம்ம நண்பர்களிலேயே சிலர், முற்போக்காளர்கள், இன்னொன்று சொல்கிறார்கள். "டை, கோட்டு எல்லாம் வெள்ளைக்காரன் உடுப்பு. காந்தி மாதிரி எளிமையா இருக்கக் கூடாதா?" சரி, காந்தியிடமே போவோம். 1921 செப்டம்பர் 22, மதுரை. அன்றைக்குத்தான் அவர் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு முழத்துண்டுக்கு மாறினார். ஊரே கும்பிட்டது. அதே மதுரைக்குப் பக்கத்து ஜில்லா ராமநாதபுரம். ஒன்பது வருடம் கழித்து, 1930 டிசம்பரில், அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

காந்தியிடம் கழற்றுவதற்குச் சட்டை இருந்தது. கழற்றியதும் மகான் ஆனார். எங்க பாட்டன் போட்டதுக்காக அடி வாங்கினான். எளிமை என்பது இருக்கிறவன் எடுக்கிற முடிவு. சட்டை போடாதேன்னு உத்தரவு வாங்கினவனுக்கு அந்தப் பாடம் எதுக்கு?

அந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு பகுதிதான் இன்றைய சிவகங்கை மாவட்டம். அங்கே மானாமதுரை பக்கம் மேலப்பிடாவூரில் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டினார் என்பதற்காக வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேரைக் கைது செய்தார்கள். 1930இல் குடை, செருப்பு, சட்டை. 2025இல் புல்லட். பொருள்தான் மாறியிருக்கிறது. கையில் பிடிக்கிறதைப் பிடிக்காதே என்றார்கள் அன்றைக்கு. இன்றைக்குப் பிடிக்கிற கையையே வெட்டுகிறார்கள்.

அப்படியானால் கோட்டும் டையும் போட்டால் சாதி ஒழிந்துவிடுமா? ஒழியாது. இதை நமக்குச் சொன்னவரும் கோட்டுப் போட்டவர்தான். அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1901, அவருக்கு ஒன்பது வயசு. அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் சொந்தக்காரப் பிள்ளைகளோடும் கோரேகாவ் போகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச் செருப்பு. மசூர் ஸ்டேஷனில் இறங்கின பிள்ளைகளைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணப் பிள்ளைகள் என்றே நினைத்தார். மகர் என்று தெரிந்ததும் அவர் முகமே மாறிப்போயிற்று. எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி. அதுவும் எப்படி? பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டணும், வண்டிக்காரன் தீட்டுப் படாமல் கூட நடந்து வருவான்.

1929இல் சாலிஸ்காவ். அதற்குள் அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர், பாரிஸ்டர். தீண்டப்படாதார் குறைகளை விசாரிக்கிற கமிட்டி உறுப்பினராகப் போயிருக்கிறார். குதிரை வண்டிக்காரன் மகரை வைத்து ஓட்ட மாட்டேன் என்றுவிட்டான். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம்ம ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. பட்டமும் கோட்டும் அன்றைக்கு அவரைக் காப்பாற்றவில்லை.

தெரிந்தும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடியிருந்த பெண்களிடம், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கிற உடுத்துமுறையை விடுங்கள் என்று சொன்னார். புடவையைக் கணுக்கால் வரை கட்டச் சொன்னார். உடுப்பு சாதியை ஒழிக்கும்னு நம்பி அவர் அதைச் சொல்லவில்லை. சாதி நம்ம உடம்பில் எழுதி வைத்திருக்கிற அடையாளத்தை நாமே சுமந்து திரிய வேண்டாம்னு சொன்னார்.

எந்த உடுப்புக்குத் தடை இல்லை என்று யோசித்திருக்கிறீர்களா? கோவையில் விடியற்காலையில் தெருக் கூட்டுகிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் யார்? நம்ம சனம். அவர்கள் காக்கி போட்டுக்கொண்டு எந்தத் தெருவுக்குள்ளும் போகலாம். எவனும் மறிக்க மாட்டான். ஒருநாள் வராவிட்டால்தான் 'ஏன் வரலை'ன்னு கேட்பான். அதே வீட்டுப் பிள்ளை டை கட்டி வண்டியில் வந்தால் கண்ணு உறுத்துது. ஆக, துணி பிரச்சினை இல்லை. அந்தத் துணி எந்த வேலையைச் சொல்லுதுங்கறதுதான் பிரச்சினை.

ஆதிக்கச் சாதிக்காரன் வண்டிக்கு எந்தத் தெருவும் தடை சொல்வதில்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு பக்கம், சாதி மீறிக் கல்யாணம் பண்ணின சங்கரை வெட்டிச் சாய்த்தவர்கள் வண்டியில்தான் வந்தார்கள், வண்டியில்தான் போனார்கள். கேமராவில் நாடே பார்த்தது.

இதற்கு ஒரு வழி நம்ம படித்த பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊரை விட்டுப் போய்விடுவது. கணபதி, சரவணம்பட்டி பக்கம் வாடகைக்கு வீடு. அங்கேயும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" அதற்கு ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கோவை ரோட்டில் ஹெல்மெட் போட்டால் எனக்கே சாதி இல்லை, வண்டி நம்பர்தான் உண்டு. அந்த நிம்மதி எனக்கும் தெரியும். ஆனால் வண்டி வைத்திருக்கிறவனெல்லாம் ஊரை விட்டுப் போனால் அந்தத் தெருவில் மிஞ்சுவது யார்? நடந்து போகிற நம்ம ஆத்தா, அப்பன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தடை அப்படியே இருக்கும். அதனால்தான் நான் தினமும் போய்த் தினமும் திரும்புகிறேன். டையைக் கழற்றிப் பையில் வைக்காமல் திரும்புகிறேன்.

எங்க ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கம்பெனி வேலை, மில் வேலை, கொரியர் வேலை என்று போகிற பதினோரு பேர் சேர்ந்து, இனி இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். காலை எட்டு மணிக்கு வரிசையாகப் போனோம். மூன்றாம் நாள் வண்டியை மறித்தார்கள், சாதி சொல்லித் திட்டினார்கள். நாலாம் நாள் எங்க வளவுப் பொம்பளைகளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்றார்கள். எங்க ஆத்தா பயந்துவிடும் என்று நினைத்தேன். "நீ எறங்காத கண்ணு. நான் வேற ஊருத் தோட்டத்துல களை எடுத்துக்கறேன்" என்றாள். பதினெட்டு நாள் ஆறு மைல் நடந்து போய் வேலை செய்தாள்.

பிறகு சமாதானக் கூட்டம். அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: "ஓட்டிட்டே போங்கப்பா. ஆனா மெதுவாப் போங்க, ஹாரன் அடிக்காதீங்க. சட்டையை மட்டும் ஊருக்குள்ள வெளிய விட்டுக்கங்க, அவங்களுக்கும் மரியாதை இருக்கட்டும்." நாங்க சொன்னோம்: "வேகமும் ஹாரனும் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்க, கேட்டுக்கறோம். சட்டை பேச்சுவார்த்தைக்கு வராதுங்க." கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தோம். இன்றைக்கு நாங்க ஓட்டிட்டுத்தான் போறோம். திண்ணையில் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

உங்களுக்குச் சில நடைமுறைகள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மறித்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். ஸ்டேஷனில் 'சும்மா வாய்த்தகராறு'ன்னு எழுதப் பார்ப்பார்கள். 3(1)(இசட் ஏ) என்று பிரிவைச் சொல்லிப் புகார் கொடுங்கள். வேலை கொடுக்காமல், பொருள் விற்காமல் ஒதுக்கி வைத்தால் அதுவும் தனிக் குற்றம், 3(1)(இசட் சி). 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை போட முன் விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்கணும். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிமேல் பிரிவு 4 இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், வளவாகப் போங்கள்.

கடைசியாக நம்ம வீட்டுக்கு ஒரு வார்த்தை. நர்சிங் படிக்கிற நம்ம பொண்ணு ஸ்கூட்டியில் போனால் ஊர்க்காரன் பேசுவது ஒருபக்கம். நம்ம வளவு ஆம்பளையே "என்ன உடுப்பு இது, பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" என்கிறான். ஊர் நமக்குப் போட்ட விதியை நாம் அவளுக்குப் போடுகிறோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவன் வாய்க்கும் நம்ம வாய்க்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? முதல் வண்டி அவள் வண்டியாகப் போகட்டும், நாம் பின்னால் போவோம்.

அந்தத் தெரு யாருடைய தோட்டத்து வரப்பும் இல்லை. பொதுப் பணத்தில் போட்ட ரோடு. அதில் எந்த உடுப்பில், எந்த வண்டியில் போவது என்பதை நாம் முடிவு செய்வோம். ஒவ்வொரு வளவிலும் பதினோரு பேர் வேண்டும். நாளைக் காலையில் யார் யார் வண்டி எடுக்கிறீர்கள்?

ஜெய்பீம்.